கேடயங்களை மட்டும் எண்ணலாமா?



மகனையோ மகளையோ சேர்ப்பதற்காகப் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஏதேனும் ஒன்றின் முதல்வர் அறை வாசலில் நீங்கள் காத்திருந்திருப்பீர்கள். அந்த அறையின் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி நிற்கும். அதனுள்ளே வெள்ளிப் பூச்சு மங்கிய கோப்பைகளும், மரக் கேடயங்களும், வரிசையாக மாணவர்கள் நிற்கும் புகைப்படங்களும் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் உடற்கல்வி இயக்குநர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். 'இத்தனை கோப்பைகளா! இவரிடம் பிள்ளையை ஒப்படைத்தால் கவலையில்லை' என்று நம் மனம் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடும்.

அந்தத் தீர்ப்பு சரியானதுதானா? ஒரு கல்லூரிப் பயிற்சியாளரின் வெற்றியை எந்தத் தராசில் நிறுப்பது? இதை விளக்குவதற்கு ஒரு மல்யுத்தப் பயிற்சியாளரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 'நம் பகுதியில் மல்யுத்தம் ஏது? கிங்காங்கும் தாராசிங்கும் மோதிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி' என்று நீங்கள் எண்ணலாம். உண்மைதான். நம் கல்லூரிகளில் கபடியும் வளைகோல் பந்தும் கைப்பந்தும்தாம் மிகுதி. ஆயினும், ஆசான் ஒருவரின் கைவண்ணம் மல்யுத்தத்தில் தெரிவது போல் வேறு விளையாட்டில் தெரிவதில்லை. களத்தில் இருவர் மட்டுமே நிற்கின்றனர். பழியைப் போட பக்கத்தில் பங்காளி இல்லை, மட்டையும் இல்லை, பந்தும் இல்லை.

உலகில் கல்லூரி மல்யுத்தம் பெருஞ்செல்வாக்குடன் விளங்கும் நாடு அமெரிக்கா. அங்கே அந்தத் துறையில் மிகப் பெரிய பெயர் டேன் கேபிள்.

வியக்க வைக்கும் கணக்கு

1948ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் பிறந்தவர் கேபிள். பள்ளியில் 64 போட்டிகள், ஒன்றிலும் தோல்வியில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் நிக்கல்ஸ் என்ற ஆசானிடம் பயின்றபோதும் அதே வெற்றி நடை. பள்ளியும் கல்லூரியும் சேர்த்துத் தொடர்ச்சியாக 181 வெற்றிகள்! 1970இல், கல்லூரி வாழ்வின் இறுதிப் போட்டியில், லாரி ஓவிங்ஸ் என்ற மாணவரிடம் 13-11 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றார். அந்த ஒரு தோல்வி அவரை உருக்கி மறுபடியும் வார்த்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் எதிராளிகள் எவருக்கும் ஒரு புள்ளியைக்கூட விட்டுக் கொடுக்காமல் தங்கம் வென்றார்.

பின்னர், தாம் பயின்ற கல்லூரிக்குப் போட்டியாக அதே மாநிலத்தில் விளங்கிய அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1976இல் தலைமைப் பயிற்சியாளரானார். 1997 வரை 21 பருவங்கள் அப்பொறுப்பில் இருந்தார். அந்த 21 பருவங்களில் அவரது அணி 15 முறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்றது. அவற்றில் 1978 முதல் 1986 வரை ஒன்பது பட்டங்கள் தொடர்ச்சியானவை. 'பிக் டென்' என்னும் வட்டாரக் கூட்டமைப்பில் 21 ஆண்டுகளும் அவரது அணிக்கே முதலிடம். அணிக்கு அணி நேருக்கு நேர் மோதிய போட்டிகளில் 355 வெற்றி, 21 தோல்வி, 5 சமநிலை. அதாவது, பருவத்துக்குச் சராசரி ஒரே ஒரு தோல்வி.

இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியின் அலமாரியும் தாங்காது! ஆனால், வாசகர்களே, நாம் கேடயங்களை எண்ணுவதற்காகக் கூடவில்லை. சில கேள்விகளைக் கேட்போம்.

கையில் கிடைத்தது என்ன?

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி எளிதில் விளங்கும். பாபநாசத்தை அடுத்த கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இந்நதியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. தலைமடை விவசாயிக்குக் காரிலும் தண்ணீர், பிசானத்திலும் தண்ணீர். கடைமடை விவசாயியோ வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருப்பார். இருவரும் களத்தில் கொட்டிய நெல்லை மட்டும் அளந்து பார்த்து, 'இவரே சிறந்த விவசாயி' என்று சொல்லிவிட முடியுமா? கடைமடையில் விளைந்த பத்து மூட்டைக்குப் பின்னால் தலைமடையின் இருபது மூட்டையை விஞ்சும் உழைப்பு இருக்கலாம் அல்லவா?

கேபிளுக்குக் கிடைத்தது தலைமடை நிலம். அவருக்கு முன்பு கேரி குர்டல்மெயர் பயிற்சியாளராக இருந்தபோதே, 1975இலும் 1976இலும், அயோவா தேசியப் பட்டம் வென்றிருந்தது. கேபிள் அப்போது துணைப் பயிற்சியாளர். போதாக்குறைக்கு அயோவா மாநிலமே பள்ளிக்கூடந்தோறும் மல்யுத்தம் செழித்த மண். நம் நாட்டில் ஹரியானாவைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அப்படியானால் அவருடைய புகழில் பாதியைக் கழித்துவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. பரம்பரைச் சொத்து நான்கைந்து ஆண்டுகள் சோறு போடும். 21 ஆண்டுகள் போடாது. கல்லூரி மாணவர் நான்கைந்து ஆண்டுகளில் படிப்பு முடித்துப் போய்விடுகிறார். ஒவ்வொரு முறையும் புதிய நாற்று, புதிய நடவு.

இதே கேள்வியை இன்னொருவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1953இல் ஒரே ஒருமுறை தேசியப் பட்டம் வென்றிருந்தது. 2009இல் கேல் சாண்டர்சன் அங்கே பொறுப்பேற்றார். மாணவராக 159 போட்டிகளில் ஒன்றுகூடத் தோற்காதவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவரது அணி 2011 முதல் 2025 வரை 12 தேசியப் பட்டங்களை வென்றது. அங்கும் பள்ளி மல்யுத்தம் செழித்த மண்தான். ஆனால் வாய்க்காலை வெட்டியவர் அவர். 2025 வரையிலான பட்டங்களின் எண்ணிக்கையில் கேபிள் மூன்று கூடுதலாக நின்றார். 'பெற்றதற்கும் விட்டுச் செல்வதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு?' என்று கேட்டாலோ, சாண்டர்சனின் தட்டும் தாழத் தொடங்குகிறது.

எதிரில் நின்றவர் யார்?

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கட்டற்ற பாணி மல்யுத்த அணிக்குக் கேபிள்தான் பயிற்சியாளர். பத்து எடைப் பிரிவுகளில் ஏழு தங்கம்! மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய சாதனை இல்லை. ஆனால் அந்த ஒலிம்பிக்கைச் சோவியத் ஒன்றியமும் அதன் நட்பு நாடுகளும் புறக்கணித்திருந்தன. அந்நாளில் மல்யுத்தத்தின் பெரும்புலிகள் அங்கேதான் இருந்தன. நான்காண்டுகளுக்குப் பின் சியோலில் அனைவரும் வந்து நின்றபோது, வேறு பயிற்சியாளரின்கீழ் சென்ற அமெரிக்க அணிக்கு அதே பாணியில் கிடைத்த தங்கம் இரண்டு.

இதனால் ஏழு தங்கமும் பித்தளை ஆகிவிடாது. அரங்குக்கு வராதவரை வீழ்த்தவில்லையே என்று வந்தவரைக் குறைகூற முடியுமா? ஆயினும் எண்ணிக்கையின் அருகே ஓர் அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. நம் ஊர் அலமாரிக் கோப்பையையும் அப்படியே கேளுங்கள்: அந்தப் போட்டியில் எத்தனை கல்லூரிகள் கலந்து கொண்டன? பன்னிரண்டா, மூன்றா?

கடைசிப் பையன் எங்கே?

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் பத்து எடைப் பிரிவுகள். பிரிவுக்கு ஒருவரைத்தான் ஒரு கல்லூரி அனுப்பலாம். ஒவ்வொருவரும் முன்னேறும் சுற்றுக்கும் பிடிக்கும் இடத்துக்கும் ஏற்பப் புள்ளிகள் கிடைக்கும். அனைவரின் புள்ளிகளும் கூடித்தான் பட்டம். ஆகவே ஒரே ஒரு சூரனை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியும் சாம்பியன் ஆகிவிட முடியாது. ஐந்தாம் இடத்தையும் எட்டாம் இடத்தையும் பிடிக்கும் மாணவர்களின் வியர்வைதான் பல ஆண்டுகளில் பட்டத்தைத் தீர்மானிக்கிறது.

கேபிளின் மாணவர்கள் தனிநபர் தேசியப் பட்டத்தை 45 முறை வென்றனர். அதைவிட என்னைக் கவர்ந்த எண் வேறு. முதல் எட்டு இடங்களுக்குள் வருபவர்க்குக் கிடைக்கும் 'அனைத்து அமெரிக்க வீரர்' என்ற சிறப்பை அவர்கள் 152 முறை பெற்றனர். பத்துப் பேர் கொண்ட அணியில் ஆண்டுதோறும் சராசரியாக ஏழு பேர்! தங்கம் வெல்லப் பிறந்தவனை மட்டுமன்று, நடுத்தர மாணவனையும் கைப்பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார் என்பதற்கு இதுவே சான்று.

ஒரு வகுப்பின் தரம் முதல் மாணவனின் மதிப்பெண்ணில் தெரிவதில்லை; கடைசி வரிசை மாணவன் எவ்வளவு ஏறினான் என்பதில் தெரியும். ஆசிரியர்களாகப் பணியாற்றும் வாசகர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

தோற்றபோது எப்படி நடந்தார்?

1987இல் பத்தாவது தொடர் பட்டத்துக்காகக் கேபிளின் அணி காத்திருந்தது. பட்டத்தைத் தட்டிச் சென்றது எது தெரியுமா? அவர் மாணவராகப் பயின்ற அதே அயோவா மாநிலப் பல்கலைக்கழகம்! தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் இல்லை. 1989இல் அணி ஆறாம் இடத்துக்கு இறங்கியது. அந்த நான்கு ஆண்டுகளை மட்டும் பார்த்த ஒருவர், 'இவருடைய காலம் முடிந்துவிட்டது' என்று சொல்லியிருப்பார். அவரோ பொறுமையோடு மீண்டும் அணியைக் கட்டினார். 1991 முதல் 1997 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஆறு பட்டங்கள் வந்து சேர்ந்தன.

வெற்றியின்போது எவரும் நல்லவராக இருக்கலாம். தோல்வியின்போதுதான் ஆசானின் உண்மை முகம் மாணவனுக்குத் தெரியும். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துவதற்கும் மேலாக, சினம் மூளும் வேளையில் தன்னைத்தான் அடக்கிக் கொள்வதை வலிமையின் இலக்கணமாக அண்ணல் நபிகளார் (ஸல்) போதித்ததை நாம் அறிவோம். தோற்று வந்த மாணவனைப் பலர் முன்னிலையில் வைது கன்னத்தில் அறையும் பயிற்சியாளரின் அலமாரியில் எத்தனை கோப்பை இருந்தால் என்ன? அந்தத் தராசில் அவர் எடையற்றவர்.

உடல் கொடுத்த விலை என்ன?

வாசகர்களே, இனி வரும் கேள்விதான் மிகவும் முக்கியமானது.

மல்யுத்தம் எடைப் பிரிவுகளில் நடப்பது. தன் இயல்பான எடையைவிடக் குறைந்த பிரிவில் போட்டியிட்டால் எளிதில் வெல்லலாம் என்ற ஆசை வீரர்களைப் பிடித்து ஆட்டும். அதற்காக உணவை ஒதுக்குவார்கள், தண்ணீரைத் தவிர்ப்பார்கள், ரப்பர் உடையணிந்து வெப்பமான அறையில் ஓடி வியர்வையை வெளியேற்றுவார்கள். உடலின் நீர் வற்றினால் இரத்தம் கெட்டிப்படுகிறது, இதயம் திணறுகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது.

1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஐந்து வார இடைவெளிக்குள், அமெரிக்காவின் மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மல்யுத்த மாணவர்கள் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தனர். எந்தப் போட்டியிலும் தோற்று அல்ல. போட்டிக்குத் தகுதி பெறுவதற்காக! கேபிள் ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் நேர்ந்த துயரம் இது. அவருடைய கல்லூரியில் நடந்ததன்று; ஆயினும் அந்த விளையாட்டு முழுவதற்கும் அது எச்சரிக்கை மணியாக ஒலித்தது. 1998 ஜனவரியில் விதிகள் மாற்றப்பட்டன. வெப்ப அறைகளும் ரப்பர் உடைகளும் தடை செய்யப்பட்டன. எடைப் பிரிவுகளின் வரம்பு ஏழு பவுண்டு, அதாவது சுமார் மூன்று கிலோ, உயர்த்தப்பட்டது. போட்டிக்குச் சற்று முன்னரே எடை பார்க்கும் முறை வந்தது. முன்னாளில் எடை பார்த்துவிட்டு இரவெல்லாம் உண்டு தேறும் தந்திரம் அதனால் பயனற்றுப் போயிற்று.

எடையின் கொடுமை பழங்கதையன்று. 2024 ஆகஸ்ட் 7ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு முந்தைய எடைச் சோதனையில் நம் நாட்டின் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டதை நாம் கண்டோம். அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இளைஞர் அமன் ஷெராவத், பதக்கப் போட்டிக்கு முந்திய இரவில் சுமார் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. வென்றவரின் உடலும் இந்த விலையைக் கொடுத்துத்தான் வென்றது.

கேபிளும் விலை கொடுத்தவரே. 1997இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஊன்றுகோலுடன் நின்றுதான் தம் கடைசித் தேசியப் போட்டியை நடத்திக் கொடுத்தார். எந்தக் கேடயத்திலும் இந்தச் செலவுக் கணக்கு பொறிக்கப்படுவதில்லை.

அவருக்குப் பின் என்ன?

சில ஆலமரங்களின் அடியில் புல்லும் முளைப்பதில்லை. கேபிள் அத்தகைய மரமாக இருக்கவில்லை. அவர் விலகியபின் பொறுப்பேற்றவர் அவருடைய மாணவர் ஜிம் சலெஸ்கி. 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளும் பட்டம் அயோவாவுக்கே. பின்னர் வந்த டாம் பிராண்ட்ஸும் கேபிளின் மாணவரே. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவரது பயிற்சியில் 2008, 2009, 2010, 2021 ஆகிய ஆண்டுகளில் பட்டம் கிடைத்தது. ஆசான் இல்லாதபோதும் பள்ளி நடக்கிறது என்றால், அவர் கட்டியது அணி மட்டுமன்று, ஒரு மரபு.

ஆக, என் மதிப்பீடு இதுதான். 1984இன் ஏழு தங்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பு போட வேண்டும். தொடக்கப் பட்டங்களில் முன்னவரின் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். இவற்றைக் கழித்த பின்னரும் டேன் கேபிளின் தட்டு தாழ்ந்தே நிற்கிறது. 15 பட்டங்களைவிட, அந்த 152ஆம் அவருக்குப் பின் வந்த ஏழு பட்டங்களும்தாம் அதைத் தாழ்த்துகின்றன.

கோலாப்பூரில் ஒரு முதல்வர்

அமெரிக்கக் கதை போதும்; நம் நாட்டுக் கல்லூரி ஒன்றையும் பார்ப்போம். சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர் கே.டி. ஜாதவ். 1952 ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம். அவர் பயின்றது மராட்டிய மண்ணின் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி. கல்லூரியின் ஆண்டுப் போட்டியில் கலந்துகொள்ள அவர் அனுமதி கேட்டபோது, குட்டையான அந்த உருவத்தைப் பார்த்து விளையாட்டு ஆசிரியர் மறுத்துவிட்டார் என்றும், முதல்வரிடம் முறையிட்டுத்தான் களமிறங்கினார் என்றும் அவரது வரலாறு கூறுகிறது. ஹெல்சிங்கி செல்லப் பணமில்லாமல் தவித்தபோது, அந்தக் கல்லூரியின் முதல்வர் கர்டேகர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார்.

இப்போது சொல்லுங்கள்: அந்தப் பதக்கத்தின் பின்னால் நிற்கும் உண்மையான பயிற்சியாளர் யார்? பிடிகளைக் கற்றுக் கொடுத்தவர் மட்டுமா? முதல்வரின் பெயர் எந்தக் கேடயத்திலும் இல்லை. அடுத்த மல்யுத்தப் பதக்கத்துக்கு இந்தியா 2008 வரை, 56 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு முதல்வர் வீட்டை அடகு வைக்கத் துணிந்திராவிட்டால் 1952உம் வெறுமையாகவே கழிந்திருக்கும்.

நம் ஊருக்குத் திரும்புவோம்

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே. அவரே கபடிக்கும், கைப்பந்துக்கும், ஓட்டத்துக்கும் ஆசான். மைதானத்தின் முள்ளை வெட்டுவதும் அவர். போட்டிக்குப் போகும் மாணவர்களின் பயணப்படிக்கு அலுவலகத்தில் நிற்பதும் அவர். மேலப்பாளையத்திலிருந்தும் பத்தமடையிலிருந்தும் பேருந்தேறி வரும் மாணவனுக்கு மாலைப் பயிற்சி முடிந்தபின் நல்ல உணவு கிடைக்கிறதா என்று கவலைப்படுபவரும் பல இடங்களில் அவர் ஒருவர்தாம். அவருடைய அலமாரியில் கோப்பை குறைவாக இருக்கலாம். அவர் கடைமடை விவசாயி என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைமடை நிலம் விளையாததும் அல்ல. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால், தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி என்ற சிற்றூரில் பிறந்த கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் பெற்றாரே!

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த முறை அந்தக் கண்ணாடி அலமாரியின் முன் நிற்கும்போது கோப்பைகளை எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அணியில் இருந்த மாணவர்களில் எத்தனை பேர் பட்டப்படிப்பை முடித்தனர்? காயம்பட்டவருக்கு மருத்துவம் பார்த்தது யார்? தேர்வு நாளும் போட்டி நாளும் மோதினால் என்ன செய்வீர்கள்? எடையைக் குறைக்கச் சொன்னால் மருத்துவர் யாரேனும் மேற்பார்ப்பாரா? மாணவிகளுக்குப் பயிற்சியிலும் வெளியூர்ப் பயணத்திலும் பெண் ஆசிரியர் உடன் இருப்பாரா? சட்டப்படி அமைய வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார்? 2023 ஜனவரியில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற வீராங்கனை உட்பட நம் நாட்டு மல்யுத்தப் பெண்கள் பாலியல் தொல்லைப் புகார்களுடன் தில்லி ஜந்தர் மந்தரில் தரையில் அமர நேர்ந்ததே! பதக்கம் பெற்ற பெண்களுக்கே அந்த நிலை என்றால், நம் ஊர் மாணவியின் தந்தை இதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இக்கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பயிற்சியாளரும் உண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உட்காருங்கள், சொல்கிறேன்' என்று ஒவ்வொரு மாணவனின் பெயரையும், அவன் இன்று எங்கே என்ன வேலையில் இருக்கிறான் என்பதையும் விரல்விட்டுச் சொல்லத் தொடங்குபவரும் உண்டு. அந்த இரண்டாமவரிடம் உங்கள் பிள்ளையை நம்பி ஒப்படையுங்கள், அவருடைய அலமாரி காலியாகவே இருந்தாலும்.